தோப்புக்குக் காவல்

"தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு 10 மைலுக்கு அப்பால் தென்னை வைத்தவனுடைய கதி என்ன என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறையை நமது சொந்த அனுபவத்தைக் கொண்டு நிவர்த்தி செய்ய உத்தேசிக்கிறோம்.

மணிமங்கலத்தைத் தாண்டி நமக்கு இரண்டு ஏக்கர் தோப்பு ஒன்று இருக்கிறது. மணிமங்கலம் என்றதும் சரித்திரம் படித்த நேயர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சளுக்கியப் புலிகேசியைப் புறங்கண்ட போர்க்களங்களில் அதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அப்பேர்ப்பட்ட பூமியிலே நாம் தோற்றது தேங்காய்த் திருடனிடம்!

நமது தகப்பனார் காலத்தில் தோப்புக்கு வேலி கிடையாது. நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் போவார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் காலையும் மாலையும் மந்தையுடன் கடப்பார். ஓர் ஆயா விழுந்த மட்டைகளை இழுத்துக்கொண்டு போய்க் கீற்று முடைவாள். மட்டையோடு இரண்டொரு தேங்காயும் அவள் மடியில் ஏறுவதுண்டு. அதைத் திருட்டு என்று தகப்பனார் ஒருநாளும் சொன்னதில்லை.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த மழையில் நமது தோப்பின் எல்லைக் கற்கள் சில சாய்ந்தன. அவற்றை நிமிர்த்தி நடப் போன இடத்தில்தான் நமக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் நிலத்தை ஒருவன் 12 ஆண்டுகள் பகிரங்கமாகத் தன் நிலம்போல் அனுபவித்து வந்தால், 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி உடையவனுடைய உரிமையே போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள். நில அபகரிப்புப் புகார்களை விசாரிக்கவே 2011-இல் தமிழக அரசு போலீஸில் தனிப் பிரிவுகளை அமைக்க வேண்டியிருந்தது என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. உடனே கருங்கல் தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, பெரிய கேட்டு ஒன்று வைத்துப் பூட்டினோம். "அத்துமீறி நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பலகையும் மாட்டினோம். பாதை அடைபட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

முதல் மாதம் மூன்று குலை போயிற்று. அடுத்த மாதம் போர்வெல்லுக்குப் போகும் மின்கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக! காயலான் கடையில் அவனுக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். நமக்குப் பிடித்த செலவோ பல ஆயிரம். பிறகு வேலித் தூண் இரண்டை முறித்துப் போட்டு, நட்டு ஓராண்டான பன்னிரண்டு கன்றுகளையும் வெட்டியிருந்தார்கள். கன்றை வெட்டுவதால் யாருக்கு என்ன லாபம் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

சூரிய வெளிச்சத்தில் இயங்கும் காமிரா ஒன்று வாங்கி மாட்டினோம். துண்டால் முகத்தை மூடிய ஓர் ஆசாமி நிதானமாக நடந்து வருவது அதில் தெரிந்தது. அருகில் வந்து காமிராவுக்கு ஒரு கும்பிடு போட்டதும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. காமிராவையே கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

இதற்குமேல் எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாயிருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது, "யார் மீதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்கள். பாதையை அடைத்ததில் அதிகக் கஷ்டப்பட்டவர் யார் என்று யோசித்தோம். ஆட்டுக்காரப் பெரியவரின் பெயரைச் சொன்னோம். அவர் மறுநாள் பகல் முழுவதும் அங்கே ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்திருந்த பகலிலேயே, புதிதாகப் போட்ட மின்கம்பியும் களவு போயிற்று.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, நாலு பேரு நடக்கிற வழியிலே திருடன் கால் வைக்கமாட்டான். நீங்க அந்த நாலு பேரை நிறுத்திட்டு, அவன் ஒருத்தனுக்கு வழி விட்டீங்க" என்றார்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, 20 ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, தங்கள் உரிமை என்றே மக்கள் நடந்துவந்த பாதையில் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவர்களுக்கு உரிமை பிறந்துவிடக்கூடும் என்றார். ஆகவே நாம் மாட்டிய பலகையைச் சட்டம் நம் மீதே திருப்பியிருக்கலாம்!

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது. ஊர்க்காவலுக்காக ஊரார் கொடுத்துவந்த வரி அது. காவல் வேண்டுமானால் ஊருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாமோ ஊரை வெளியே நிறுத்திவிட்டுக் காவலைக் கடையிலே வாங்கப் பார்த்தோம்.

இப்பொழுது வேலி இருக்கிறது, பாதையும் இருக்கிறது. ஆளும் ஆடும் போகலாம், வண்டி புக முடியாது என்கிற அளவுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுக் கல் நட்டிருக்கிறோம். மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் ஆழப் புதைத்தாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். மட்டையெல்லாம் ஆயாவுக்கு, புல் பெரியவரின் ஆடுகளுக்கு. சென்ற கோடையில் ஓர் இரவு 11 மணிக்குப் பெரியவர் பேரன் டெலிபோன் செய்தான்: "ஐயா, தோப்பிலே வெளிச்சம் தெரியுது." நாம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவதற்குள் ஊரார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒரு கடப்பாரையை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

திருட்டு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஓரத்து மரம் ஒன்றில் இளநீர் இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

கவலை வேறொன்று. ஒவ்வொரு வெட்டின்போதும் பெரியவருக்கென்று 20 காய் எடுத்து வைக்கிறோம். அவர் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார். அந்தப் பெஞ்சியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கோணியில் போடும் முன், ஒவ்வொரு காயாக நம் கண்ணெதிரே உரக்க எண்ணிக் காட்டிவிட்டுத்தான் எடுத்துப் போகிறார்.