புதைத்துக் காத்த பாத்திரங்கள்

வீட்டில் பாத்திரம் தேய்த்து அலுத்தவள் வெளியூரிலும் பாத்திரம் பார்க்கப் போவாளா என்று என் கணவர் கேலி செய்தார். ஷாங்காயில் வேலையாயிருக்கும் மகன்தான், "அம்மாவுக்குப் பிடிக்கும், வாங்கப்பா" என்று கூட்டிப் போனான்.

ஷாங்காய் மியூசியத்துக்கு, மக்கள் சதுக்கத்தில் 1996-ல் திறந்த கட்டடமே மேலே வட்டமும் கீழே சதுரமுமாய், காது வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் 2024-ல் திறந்த புதுக் கட்டடத்தில்தான் வெண்கலக் கூடம்.

உள்ளே எங்கு பார்த்தாலும் களிம்பேறிய பச்சை. ஒரு உருண்டை புளி கிடைத்தால் தேவலை என்று கை துறுதுறுத்தது. அந்தப் பச்சைக்குத்தான் மதிப்பாம்! புதிதில் இவையும் பளபளவென்று பொன்னிறமாய் இருந்தவைதான். செம்பு, வெள்ளீயம், ஈயம் கலந்து உருக்கி, துண்டு துண்டான களிமண் அச்சுகளைச் சேர்த்து வைத்து வார்த்திருக்கிறார்கள். எல்லாம் மூவாயிரம் வருஷத்துச் சங்கதி.

'யென்' என்று ஒரு பாத்திரம். கீழே மூன்று காலுடன் தண்ணீர்ப் பகுதி, நடுவில் ஓட்டைத் தட்டு, மேலே ஆவியில் வேக வைக்க இடம். அசல் நம்ம இட்லிப் பானையேதான்! என்னை அங்கிருந்து நகர்த்த மகனுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

'டிங்' என்பது கறி சமைக்கிற முக்கால் அண்டா. இங்குள்ள 'தா கே டிங்' 201.5 கிலோ எடை. உள்ளே 290 எழுத்துக்கள். கே என்பவர் தன் தாத்தாவைப் புகழ்ந்து, ராஜா தனக்கு நிலமும் ஆட்களும் தந்ததையும் பொறித்திருக்கிறார். நாம் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில்லையா, அந்த மாதிரி.

இதைக் காப்பாற்றியவர் பான் தாயூ என்ற பெண்மணி. கல்யாணமாகிச் சிறிது காலத்திலேயே கணவரை இழந்தவர். புகுந்த வீட்டுப் பெரியவர் பான் சூயின் சேர்த்து வைத்த வெண்கலங்கள் அவர் பொறுப்பில் வந்தன. 1937-ல் ஜப்பானியப் படை சூஜோ நகரை நெருங்கியபோது, வீட்டுத் தரையைத் தோண்டி, இதையும் இதன் ஜோடி போன்ற 'தா யூ டிங்'கையும் மரப்பெட்டியில் வைத்துப் புதைத்து, மேலே பழையபடி கல் பாவிவிட்டார்கள். சிப்பாய்கள் வந்து வந்து தேடியும் அகப்படவில்லை. 1944-ல் பெட்டி மக்கித் தரை உள்வாங்கியது. வெளியே எடுத்துத் தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் ஒளித்து வைத்தார்கள். 1951-ல் இரண்டையும் அரசுக்கே கொடுத்துவிட்டார் அந்த அம்மாள். தா யூ டிங் 1959-ல் பெய்ஜிங் போய்விட்டது. 2004-ல் அவருடைய நூறாவது வயதைக் கொண்டாடும்போதுதான் இரண்டையும் ஷாங்காயில் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்களாம். ஒரு நகைப்பெட்டியைப் பத்து நாள் ஒளித்து வைப்பதற்கே நமக்குத் தூக்கம் வராது!

எல்லாப் பாத்திரத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஷான்ஸி மாகாணத்தில் பாவோஜி ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் கிடந்த பாத்திரம் 1965-ல் பழைய உலோகக் கடைக்கு எடைக்குப் போயிற்று. கிடைத்தது முப்பது யுவான். உருக்குவதற்குள் அந்த ஊர் மியூசியத்தார் மீட்டார்கள். 1975-ல் ஷாங்காய் மியூசியத்தின் மா செங்யுவான் அதன் அடியில் தடவிப் பார்க்க, கைக்கு எழுத்துத் தட்டுப்பட்டதாம். சுத்தம் செய்ததில் 122 எழுத்துக்கள் தெரிந்தன. 'சீனா' என்பதற்குச் சீனர்கள் எழுதும் பெயர் முதன்முதலில் காணப்படுவது அதில்தான். இதைக் கேட்டதும், எவர்சில்வர் மோகத்தில் அம்மா எடைக்குப் போட்ட பித்தளை அண்டாக்கள் என் கண் முன்னால் வரிசையாய் நின்றன.

வாங்கிச் சேர்க்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சீனாவில் பூமியிலிருந்து கிடைக்கும் பழம்பொருள் அரசாங்கத்துக்கே சொந்தம். வியாபாரம் செய்வது குற்றம். ஆகவே, தெருக்கடையில் 'தோண்டி எடுத்தது' என்று காட்டினால் ஒன்று பொய், இல்லையென்றால் திருட்டு. நான் பார்த்த கடையில் கையளவு டிங் அடுக்கியிருந்தார்கள். தொட்டதும் விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. கடைக்காரப் பெண்ணே சிரித்துவிட்டு, துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள்.