காசியின் பெயர் தாங்கிய கப்பல்

லண்டனுக்குப் போகிறவர்கள் டவர் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே கோஹினூர் வைரத்தைக் கண்டு பெருமூச்சு விடாத இந்தியப் பெண்மணி உண்டோ? ஆனால் கோட்டைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால், டிரினிடி ஸ்கொயர் தோட்டம் இருக்கிறது. அதற்குள் நுழைகிறவர்கள் சிலர்தான்.

சில படிகள் இறங்கினால் பள்ளத்தில் ஒரு புல்வெளி. சுற்றிலும் சுவர், சுவர் நெடுக வெண்கலப் பலகைகள். இரண்டாவது உலக யுத்தத்தில் கடலோடு போன வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 24,000 பேரின் பெயர்கள், கப்பல் வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1955-ல் எலிசபெத் ராணி திறந்து வைத்த ஞாபகச் சின்னம் இது.

அந்தக் கப்பல்களில் ஒன்று 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'. ஆமாம், நம் காசிதான்!

1940 செப்டம்பர் 13-ந் தேதி அது லிவர்பூலிலிருந்து கானடாவுக்குப் புறப்பட்டது. ஜெர்மன் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காக, தாய் தகப்பன் இல்லாமல் 90 குழந்தைகளை அரசாங்கம் அதில் அனுப்பியது. பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! குழந்தைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். ஊரில் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன். கப்பலில் தினமும் விருந்து. பரிமாறியவர்கள் நம் தேசத்துப் பணியாட்கள்.

17-ந் தேதி இரவு பத்து மணி சுமாருக்கு ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ பாய்ந்தது. காவலுக்கு வந்த போர்க்கப்பல் அன்று அதிகாலையே பிரிந்து போயிருந்தது. கொந்தளிக்கும் அட்லாண்டிக், எலும்பை உலுக்கும் குளிர். 77 குழந்தைகள் மாண்டார்கள்.

மறுநாள் வந்த மீட்புக் கப்பலின் கண்ணில் ஒரு படகு மட்டும் படவில்லை. எட்டு நாள் அது அலைந்தது. மேரி கார்னிஷ் என்ற சங்கீத ஆசிரியை அதிலிருந்த ஆறு சிறுவர்களுக்கும் கதை சொல்லிச் சொல்லி, விறைத்த கைகால்களைத் தேய்த்துவிட்டு உயிர் காத்தார். கடைசியில் ஓர் ஆகாய விமானம் அவர்களைக் கண்டுபிடித்தது. அதே படகில் தவித்தவர்களில் முப்பது பேருக்கு மேல் இந்திய மாலுமிகள்.

அந்தக் கப்பலோடு மடிந்த நம்மவர் சுமார் 100 பேர். டவர் எதிரேயுள்ள சுவரில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை. அங்கே இருப்பவை கூட வேலை செய்த பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள். யுத்தத்தில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்களையெல்லாம் ஒரு புத்தகத்தில் பதித்து, ஒரு பிரதியை மும்பை மாலுமிகள் இல்லத்திலும், மற்றொன்றைச் சிட்டகாங்கிலும் வைத்தார்கள்.

டவர் பார்க்கப் போனால் பத்து நிமிஷம் ஒதுக்கிச் சாலையைத் தாண்டுங்கள். காசியின் பெயர் உள்ள பலகைக்கு முன்னால், அதில் இல்லாதவர்களையும் நினைத்து ஒரு கணம் நில்லுங்கள்.