நிறுவுகைச் சான்று

வடமாலபேட்டை என்றால் இம்மலரின் வாசகர் பலருக்கு, திருப்பதிக்குச் செல்லும் பேருந்து புத்தூரைத் தாண்டியதும் அரைத் தூக்கத்தில் கடந்துபோகும் ஓர் ஊர். எனக்கோ அது பிறந்த மண். பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த இடம். பிழைப்பை நாடி வெளியேறி, மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்றில் கொள்முதல் பிரிவு எழுத்தராக இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். நான் படித்தது வரலாற்றில் பி.ஏ. ஆகவே, அறிவியல் கட்டுரை எழுதத் துணிந்துவிட்டேன் என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். என் பிழை ஒன்றைச் சொல்ல வந்தேன். அதைச் சொல்லச் சிறிது அறிவியல் தேவைப்படுகிறது.

ரப்பரும் பிளாஸ்டிக்கும் பாலிமர் என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. ஒரே பொருளுக்குள் நீண்ட சங்கிலியும் குட்டைச் சங்கிலியும் கலந்திருக்கும். அக்கலவை எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பொருளின் வலிமையும் நெகிழ்வும் அமையும். எங்கள் ஊர் இன்று அடங்கியுள்ள திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டாவும் இருக்கிறது. அங்கிருந்து எழும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் 130 டன்னுக்கும் மேற்பட்ட திட எரிபொருளைப் பிணைத்து வைத்திருப்பது இத்தகைய ரப்பர்ப் பாலிமர் ஒன்றே. அதன் சங்கிலி நீளம் எப்படியிருந்தால் என்ன என்று விட்டுவிட முடியுமா?

இதனை அளக்க உதவுவது குரோமட்டோகிராபி. 1903-இல் வார்சாவில், த்ஸ்வெத் என்ற ருஷ்யத் தாவரவியலார் சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, அதன் நிறங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். (த்ஸ்வெத் என்றாலே ருஷ்ய மொழியில் நிறம் என்று பொருள்!) பாலிமருக்கு ஏற்ற வழியை 1964-இல் அமெரிக்காவின் டவ் நிறுவனத்து ஜான் மூர் வெளியிட்டார். முந்நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய்; விரலை விடச் சன்னமான உள்விட்டம்; அதற்குள் நுண்துளைகள் கொண்ட பாலிஸ்டைரீன் மணிகள் நெருங்கி அடைந்திருக்கும். இதற்குக் காலம் என்று பெயர். சல்லடையில் சிறியது முதலில் விழும். இங்கோ பெரியது முதலில் வெளிவரும். அப்பலாயகுண்டா பெருமாள் கோயில் திருவிழாவுக்குச் சிறுவயதில் போவோம். பெரியவர்கள் நேரே சந்நிதிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் வளையல் கடை, பலூன் கடை என்று சந்து சந்தாக நுழைந்து கடைசியில் வந்து சேர்வோம். அவ்வளவுதான் இதன் தத்துவம். துளைக்குள் நுழைய இயலாத பெரிய மூலக்கூறு விரைந்து போகிறது. சிறியது ஒவ்வொரு துளையிலும் புகுந்து புறப்பட்டுத் தாமதிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதக் கடைசியில் இத்தகைய காலங்கள் மூன்று வந்திறங்கின. அவற்றை நிறுவ வேண்டியவர் தொழில்நுட்ப உதவியாளர்; புத்தூர்ப் பக்கத்து இளைஞர். என்னை அண்ணா என்பார். நான் தம்பி என்பேன். எங்கள் பேச்சில் எந்தச் சொல் தமிழ், எந்தச் சொல் தெலுங்கு என்று எங்களுக்கே தெரியாது.

மார்ச் 31 மாலைக்குள் பட்டியல் தேறாவிட்டால் அந்நிதி காலாவதியாகிவிடும். பட்டியல் தேற, 'நிறுவப்பட்டுச் செவ்வனே இயங்குகிறது' என்ற சான்று வேண்டும். நான் கோப்பைக் கையில் ஏந்தி அவர் தோளருகே நின்றேன்.

"ஒரு நாள் கொடுங்கள் அண்ணா. இவை வேறொரு கரைப்பானில் நனைந்து வந்திருக்கின்றன. மெல்லத்தான் மாற்ற வேண்டும்" என்றார்.

முதலில் காலம் இல்லாமலே குழாய்களைக் கழுவ வேண்டுமாம். வடிகட்டி, காற்று நீக்கிய கரைப்பானையே விட வேண்டுமாம். அம்புக்குறி காட்டும் திசை பார்த்து, குமிழி ஒன்றுகூட உள்ளே போகாமல் இணைத்து, நிமிடத்துக்குப் பத்தில் ஒரு மில்லிலிட்டரில் தொடங்கிப் படிப்படியாக ஒரு மில்லிலிட்டருக்கு உயர்த்த வேண்டுமாம். வெளிவருவதை முதலில் முகவையில் விட்டுவிட்டு, அதன்பிறகே உணர்கருவியோடு சேர்க்க வேண்டுமாம்.

இதெல்லாம் எனக்குப் புதிதா? எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் அப்பா ஆயில் எஞ்சினை முடுக்குமுன், பம்பின் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குமிழி அடங்கும்வரை குந்தியிருப்பார். காற்று இருந்தால் தண்ணீர் ஏறாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். அதை மறந்து நான் சொன்னது: "தம்பி, கணக்குப் பிரிவில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். ஓடினால் போதும்."

அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு ஓட்டத்தை ஒரேயடியாக ஏற்றினார். திரையில் அழுத்தம் குதித்தது. ஏதோ ஒரு கோடு மேலெழுந்து இறங்கியது. சான்றில் கையெழுத்தானது. பட்டியல் தேறியது. அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

ஏப்ரலில் டொலுவீன் செலுத்திச் சோதித்தபோது, ஒற்றைச் சிகரமாக எழ வேண்டிய கோடு இரட்டைத் தோளோடு எழுந்தது. உள்ளே மணிப்படுகை குலைந்து வெற்றிடம் விழுந்திருந்தது. முறைப்படி நிறுவாததால் உத்தரவாதம் செல்லாது என்றது விற்ற நிறுவனம். ரப்பர் மாதிரிகளோடு காத்திருந்த ஆய்வு மாணவி ஒருத்தியின் ஏழு மாதங்கள் வீணாயின. உதவியாளரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை பிறந்தது. எழுத்தர் குறைவாக இருந்தமையால் அதைத் தட்டச்சு செய்தவன் நானே.

அவர் தந்த விளக்கம் ஒரே வரி: 'நான் அவசரப்பட்டுவிட்டேன்.' என் பெயர் அதில் இல்லை. அக்காகிதத்தில் துளையிட்டு, வரிசை எண் போட்டுக் கோப்பில் கட்டினேன். வாய் திறக்கவில்லை.

நவம்பரில் புதிய காலங்கள் வந்தன. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வறைக்குப் போய் உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினார். திருகாணியை விரலால் இறுக்கி, ஸ்பானரால் கால் திருகுக்கு மேல் போகவில்லை. முகவையில் சொட்டுச் சொட்டாக விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உணவு இடைவேளையில் அவர் வீட்டுப் புளிச்சாதத்தில் பாதி எனக்கு வந்தது. மறுநாள் டொலுவீன் கோடு ஊசிபோல் எழுந்தது.

அன்று பிற்பகல், பழைய கோப்பை வாங்கி ஒரு குறிப்பு எழுதினேன்: மார்ச் 31-இல் ஓட்டத்தை விரைவுபடுத்தச் சொன்னவன் இப்பிரிவு எழுத்தனாகிய நானே, உதவியாளர் ஒரு நாள் அவகாசம் கேட்டார், நான் மறுத்தேன். அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாமே?" என்றார். ஆம் என்றேன். சுருக்கொப்பமிட்டு, உதவியாளரின் பணிப்பதிவேட்டுக்கு ஒரு படி அனுப்பச் சொன்னார். அதையும் நானே தட்டச்சு செய்தேன்.