பள்ளியைப் பார்க்குமுன் கார்டியனைப் பார்

சவுத்தாம்ப்டன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இங்கிலாந்து விடுதிப் பள்ளி பிராஸ்பெக்டஸ்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே புல்வெளி, அதே செங்கல் கட்டடம், ஹாக்கி மட்டையோடு சிரிக்கும் அதே பிள்ளைகள். இதில் எதில் என் மருமகளைச் சேர்க்கலாம் என்று கேட்கிறாய். நீ வருஷத்தில் பாதி நாள் கப்பலில் இருப்பவன். பிள்ளைக்கு வயது பதினொன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் தூத்துக்குடி முத்து ஏலம் உனக்குத் தெரிந்ததுதான். 1961-ல் நடந்த கடைசி சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, வரைக்கும் சிப்பியைத் திறக்காமலேதான் ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். ஆனால் சலாபம் அறிவிக்கும் முன் சர்க்கார் கடலடிப் பார்களில் மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு வியாபாரிகளை வைத்து விலை மதிப்புப் போட்டுப் பார்க்கும். மதிப்பு தேறினால்தான் சலாபம். நீ மாதிரியே பார்க்காமல் ஏலத்தில் இறங்கப் பார்க்கிறாய். ஏலத் தொகையும் சின்னதில்லை. 2025 ஜனவரி முதல் இங்கே தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி உண்டு. ஈட்டன் போன்ற பெரிய பெயர்களில் ஆண்டுக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. நடுத்தரமான விடுதிப் பள்ளிக்கே நம் பணத்தில் வருஷம் 50 லட்சம் ஆகலாம்.

விடுதிப் படிப்பு நம் கரைக்குப் புதிதில்லை. ஊருக்குப் பக்கத்துச் சாயர்புரத்தில் 1840-களிலேயே செமினரி நடத்தியவர் ஜி.யு. போப். பிறகு ஊட்டியில் ஆங்கிலப் பாணியில் பள்ளி நடத்தினார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்கும் தலைவராக இருந்தார். 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த அதே போப்தான். பிரம்புக்கும் பேர்போனவர். அந்தப் பிரம்பு போப்போடு போய்விடவில்லை. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது 1999-ல்தான். இந்தப் பள்ளிகளின் பெருமை நூற்றாண்டுகள் பழையது. பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய அக்கறை நேற்று வந்தது.

கொழும்பில் கடை வைத்திருந்த நம் ஊர்க் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கேயே படிக்க வைத்த காலமும் உண்டு. 1896-ல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி போன்ற பாதிரிமார் பள்ளிகளுக்கு அப்போது நல்ல பேர். கடல் தாண்டிய படிப்புதான் அதுவும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாமாவோ சித்தப்பாவோ கடையை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடிவருவார். அங்கே இருந்தது பள்ளி மட்டுமில்லை, கேட்க ஓர் ஆளும் இருந்தார். உன் கணக்கில் விட்டுப்போனது அந்த ஆள்தான்.

இங்கே விடுதிப் பள்ளி வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. மூன்று டெர்ம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஹாஃப் டெர்ம் விடுமுறை. அதுபோக எக்ஸியட் என்று சில வார இறுதிகளில் விடுதியையே மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் பிள்ளை எங்கே போகும்? அதற்குத்தான் இங்கிலாந்தில் வசிக்கும் கார்டியன் ஒருவர் வேண்டும் என்று பள்ளிகள் கேட்கின்றன. சொந்தக்காரர் இல்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. ஏஜிஸ் என்ற அமைப்பு அவற்றைப் பரிசோதித்து அங்கீகாரம் தருகிறது. அந்த அங்கீகாரம் இல்லாத நிறுவனத்திடம் பிள்ளையை விடாதே. பள்ளி சேர்த்துத் தருவதாகச் சொல்லும் உன் ஏஜென்ட் நல்ல மனுஷனாகவே இருக்கட்டும், பள்ளியிடம் கமிஷன் வாங்குகிறவர் என்பதை மறக்காதே.

அக்கா இருக்கிறாளே என்று நினைப்பாய். இருக்கிறேன். ஆனால் நீ குறித்து வைத்திருக்கும் பள்ளி யார்க்ஷயரில். இங்கிருந்து ரயிலில் போய்ச் சேர அரை நாள் ஓடிவிடும். எனக்கு மாதத்தில் பாதி ராத்திரி ஷிஃப்ட். ராத்திரி பத்து மணிக்கு மேட்ரன் போன் செய்தால் நான் எப்படிப் போய் நிற்பேன்?

சிநேகிதி ஒருத்தியின் மகனைப் பார்க்க இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வெள்ளி சாயங்காலமே உள்ளூர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு காரில் ஏறிப் போயிருந்தார்கள். வீக்லி போர்டிங் என்பது அதுதான். அத்தனை பெரிய விடுதியில் மிச்சம் இருந்தவர்கள் ஹாங்காங், நைஜீரியா, நம் நாட்டுப் பிள்ளைகள் சிலர். சமையலறை ஃபிரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் பேர் ஒட்டியிருந்தது. பையன் தன் டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே அவன் அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய். சனிக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்டேன். தூங்கினேன் ஆன்ட்டி என்றான். இதை எந்த பிராஸ்பெக்டஸும் படம் எடுத்துப் போடாது.

அதனால் பள்ளிக்கு எழுதும்போது ரிசல்ட் சதவீதம் கேட்காதே. சனி ஞாயிறு விடுதியில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று கேள். ஹவுஸ் மிஸ்ட்ரஸ் விடுதியிலேயே குடியிருக்கிறாரா, எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேள். போனை எத்தனை மணிக்கு வாங்கி வைப்பார்கள் என்று கேள். இங்கே குளிர்காலத்தில் மாலைப் படிப்பு முடிந்து எட்டரை மணிக்குப் பிள்ளை கூப்பிட்டால், தூத்துக்குடியில் அப்போது ராத்திரி இரண்டு மணி. உன் வீட்டுக்காரி விழித்திருக்க வேண்டும். நீ கப்பலில் எந்தக் கடலில் இருப்பாயோ.

தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஐ.எஸ்.ஐ. அமைப்பின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். விடுதி பற்றிய பகுதியை ஒரு வரி விடாமல் படி. மாதிரி பார்க்க வேண்டும் என்றால் டெர்ம் நடக்கும்போது உன் மகளைக் கூட்டிவந்து இரண்டு ராத்திரி தங்கவை. பல பள்ளிகள் சம்மதிக்கும். கோடை முகாமை நம்பாதே. பல இடங்களில் அதை நடத்துவது வெளிக் கம்பெனி. ஆசிரியர்களும் வேறு, பிள்ளைகளும் வேறு.

அவளுக்கு டாக்டர் ஆசை உண்டு என்றாயே. இங்கே பள்ளியின் கடைசி இரண்டு வருஷமான ஏ லெவலில் பெரும்பாலும் மூன்று பாடம்தான். ஊருக்குத் திரும்பி நீட் எழுத நினைத்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் விடாமல் பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் பாணிதான் வேண்டும் என்றால் கடல் தாண்டவும் வேண்டாம். 1858-ல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி நீலகிரியில் இருக்கிறது. இங்கத்து ஹாரோ பள்ளியே 2023-ல் பெங்களூருக்கு வந்துவிட்டது. வெள்ளி ராத்திரி ரயில் ஏறினால் சனிக்கிழமை அம்மா பிள்ளை முன்னால் நிற்கலாம்.

என் முடிவைக் கேட்டால் இதுதான்: பதினொரு வயதில் வேண்டாம். பத்தாவது வரை ஊரிலேயே படிக்கட்டும். பதினாறு வயதில் ஏ லெவல் இரண்டு வருஷத்துக்கு அனுப்பு. அப்போது போவதா வேண்டாமா என்று அவளே வாய் திறந்து சொல்லுவாள். செலவும் இரண்டு வருஷத்தோடு முடியும். அப்போதும் பள்ளி என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருந்தால் மட்டும்தான் கார்டியன் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அதுவரை அட்வான்ஸ் என்று யாருக்கும் ஒரு ரூபாய் கட்டாதே.

அன்புடன்,
அக்கா