ஜாதி நாயும் குருளையும்

வம்சாவளி அறியப்பட்ட நாயைத் தமிழ்ப் பேச்சுவழக்கு ‘ஜாதி நாய்’ என்கிறது. கன்னடத்திலும் அதே சொற்சேர்க்கை ‘ஜாதி நாயி’ என வழங்குகிறது. கள ஆய்வுக்காகக் கோபிநத்தத்தில் தங்கியிருக்கும் நான், மைசூரிலுள்ள விலங்கு மீட்பகம் ஒன்றிலிருந்து இரண்டு மாதக் குட்டியொன்றைத் தத்தெடுத்து வந்த நாள்முதல் இச்சொல்லை இரு மொழிகளிலும் கேட்டுவருகிறேன். “ஏங்கண்ணு, ஜாதி நாயா இது?” என்றார் வீட்டுக்காரப் பாட்டி. நீண்ட முகத்தைப் பார்த்துச் சிலர் முதோள் என்றனர். சிலர் சிப்பிப்பாறை என்றனர்.

மீட்பகத்தார் தந்த அட்டையில் தாய் தெருநாய், தந்தை தெரியாது, இனம் கலப்பு என்று எழுதியிருந்தது. மொழியியல் படித்தவனுக்குக் கலப்பு என்னும் சொல் குறையாகத் தோன்றுவதில்லை. கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்திற்கு மாறியது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் கன்னடமும் பேசும் ஊரில் தூய வம்சத்தைத் தேடுவானேன்?

அதே அட்டையில் இனத்திற்குக் கீழே தடுப்பூசிக்கான கட்டங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி எவரும் வினவவில்லை. இக்காட்டோர ஊரிலோ கேட்கத்தக்க கேள்வி அதுவே.

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குருளை’ என்னும் ஒரே பெயரை வகுக்கிறது. நாயையும் புலியையும் ஒரு சொல்லில் அடக்கிய அவ்விலக்கணத்தைப் போலவே, ‘டிஸ்டெம்பர்’ நோய்க்கிருமியும் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. நாய்களில் பரவும் இந்நோய் சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றையும் தாக்கவல்லது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றுட் பலவற்றின் சாவுக்கு இக்கிருமியே காரணமென அறியப்பட்டது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய இவ்வூரில், ஊசி போடாத ஒரு நாய் சிறுத்தையின் வாயில் அகப்பட்டால், இழப்பு அந்நாயோடு முடியாமலும் போகலாம்.

ஆகவே குட்டிக்குக் ‘குருளை’ என்றே பெயரிட்டேன். பாட்டி அதைச் சுருக்கிக் ‘குரு’ என்றழைக்கிறார். இரவில் அது வீட்டினுள்ளேயே உறங்குகிறது. டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை மீட்பகத்திலேயே முடிந்திருந்தது. மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த தவணைகளும், மூன்று மாதம் நிறைந்தபின் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், உரிய பருவத்தில் கருத்தடையும் செய்யவேண்டும்.

சென்ற வாரம் இரண்டாம் தவணைக்குக் கால்நடை மருத்துவரிடம் புறப்பட்டபோது, பாட்டி தம் கிழட்டுக் காவல்நாயையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். “இதுக்கும் ஒண்ணு போட்டுவுடச் சொல்லு” என்றார். ஒன்பது வயதில் அந்நாய்க்கு அதுவே முதல் ஊசி.

தத்தெடுக்க எண்ணும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மீட்பகத்தில் இனத்தைக் கேட்குமுன் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மீதமுள்ள கட்டங்களை உங்கள் கையால் நிரப்புங்கள். தெருவிலுள்ள இன்னொரு நாய்க்கும் அவ்வாறே ஓர் அட்டை கிடைக்கச் செய்யுங்கள்.