ஒருநாள் விட்டு ஒருநாள்

சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'ஏ' சித்தி கிடைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டு ஆங்கிலக் காரியங்கள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. வங்கிக் கடிதமானாலும் மாமாவின் விண்ணப்பப் படிவமானாலும், "மகள்ட்ட குடுங்க, அவ வாசிப்பா" என்பார் வாப்பா. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் ஒருநாள் உம்மம்மாவைப் படுக்கையில் தள்ளியது.

உம்மம்மாவுக்குக் கால் வீக்கம். கண்டி நகரில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். அவர் ஓர் ஊசி போட்டு, உடம்பில் தேங்கிய நீர் வெளியேறுவதற்கு ஒரு குளிசையும் எழுதிக் கொடுத்தார். குளிசை உறையின் மேல் ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள்: 'எவ்ரி அதர் டே'. கட்டுகஸ்தோட்டைக்கு வரும் பஸ்ஸிலேயே நான் அதற்கு விளக்கம் சொல்லிவிட்டேன். 'எவ்ரி' என்றால் ஒவ்வொரு, 'அதர்' என்றால் மற்ற, 'டே' என்றால் நாள். இன்றைக்கு ஊசி போட்டாயிற்று. ஆகவே மற்ற ஒவ்வொரு நாளும் குளிசை குடிக்க வேண்டும்! மூன்று சொற்களும் எனக்குத் தெரிந்தவை. அதனால் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் ஸுபஹ் தொழுகைக்கு வுளூச் செய்ய எழும்பிய உம்மம்மா, தலை சுற்றிக் கீழே விழுந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு எதுவும் முறியவில்லை.

மறுபடி டொக்டரிடம் போனோம். நான் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதால் அவரும் ஆங்கிலத்திலேயே கேட்டார்: "இதற்கு முன்பு இவருக்குத் தலைச்சுற்று இருந்ததில்லையா?" நான் "யெஸ்" என்றேன். 'ஓம், இருந்ததில்லை' என்பதுதான் என் மனதில் இருந்தது. ஆனால் அப்படிக் கேட்கும்போது ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றால் 'இருந்தது' என்றும், 'நோ' என்றால் 'இருந்ததில்லை' என்றும்தான் அர்த்தம். நாங்கள் கேட்டவரின் கூற்றுக்கு 'ஓம்' சொல்கிறோம். அவர்கள் நடந்ததா இல்லையா என்பதற்குச் சொல்கிறார்கள். டொக்டர் பழைய நோய் என்று எழுதத் தொடங்க, அவர் முகத்தைக் கவனித்த உம்மா சிங்களத்தில் குறுக்கிட்டார். "ஒருநாளும் இருந்ததில்லை டொக்டர், இந்தக் குளிசை தொடங்கிய பிறகுதான்" என்றார். ஆங்கிலம் தெரியாத உம்மா சொன்ன பிறகுதான் அவர் உறையை வாங்கிப் பார்த்தார். 'எவ்ரி அதர் டே' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். நாங்கள் கொடுத்ததோ இரட்டிப்பு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்து, பிரஷர் இறங்கியதால் வந்த மயக்கம் அது.

வெட்கத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் சொற்களை எழுதத் தொடங்கினேன். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்போம். தெரிந்த சொல்லுக்கு யார் பார்க்கிறார்கள்?

அந்தக் கொப்பியில் இருந்து சில. 'ஹார்ட்' என்றால் கடுமையாக. 'ஹார்ட்லி' என்றால் அரிதாக, இல்லை என்னும் அளவுக்கு. "ஐ ஸ்டடீட் ஹார்ட்லி" என்று எழுதினால் கடுமையாகப் படித்தேன் என்று ஆகாது. படிக்கவேயில்லை என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் வாசிப்பவர் நினைப்பார். 'பொரோ' என்பது இரவல் வாங்குவது, 'லெண்ட்' என்பது இரவல் கொடுப்பது. பெற்றோல் பவுசரில் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளமபிள்' என்பதற்குத் தீப்பற்றாது என்பதல்ல, எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். முன்னால் வரும் 'இன்' எல்லா இடத்திலும் 'இல்லை' என்று சொல்வதில்லை. ராத்தா பேராதனையில் பட்டம் பெற்று 'பாஸ் அவுட்' ஆனார் என்று இங்கே சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டவரோ அவர் மயங்கி விழுந்தார் என்று நினைக்கக்கூடும்.

பிறகு யோசித்தபோது, இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்று தோன்றியது. 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்பதைத் தமிழ் படிக்கும் ஒரு வெள்ளைக்காரர் சொல்லுக்குச் சொல் பிரித்தால் என்ன விளங்கும்? வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போறேன்' என்னாமல் 'போயிட்டு வாறேன்' என்கிறோமே, அதையும் யாராவது சொல்லித்தந்தால்தானே தெரியும்?

சொற்கள் வீடு மாறும்போது பழக்கமும் மாறுகின்றன. எங்கள் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கெட்டமரான்' ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அரபிகள் எங்கள் தீவை ஸரந்தீப் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து ஹொரேஸ் வால்போல் 1754இல் 'செரண்டிபிட்டி' என்ற சொல்லை உருவாக்கினார். தேடாமலே நல்லதொன்று கிடைப்பது என்பது அதன் பொருள். 'கெண்டி' என்ற இனிப்புக்கும் எங்கள் கண்டிக்கும் உறவில்லை. அது 'கந்த்' என்ற அரபுச் சொல்வழி வந்தது. அதன் வேர் வடமொழியில் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயரோ, மலை என்று பொருள்படும் 'கந்த' என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

உம்மம்மா இப்போது சுகமாக இருக்கிறார். குளிசை குடிக்கும் நாட்களை அவருடைய கலண்டரில் நான் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் வட்டம், ஒருநாள் வெறுமை. அவர் என்னை ஏசவில்லை. "தெரியாட்டிக் கேளு மகள், கேக்கிறதுல வெக்கம் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

தோழிகளே, மருந்து உறையை வாசிக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். பாமசியில் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லச் சொல்லுங்கள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை 'ஏ' எடுத்தவள்தான். ஆனாலும் "எனக்கு இது சரியாத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்று அவள் சொன்னால் சிரிக்காதீர்கள். அந்த ஒரு வசனத்தை நான் அன்று பஸ்ஸில் சொல்லியிருந்தால், உம்மம்மா விழுந்திருக்க மாட்டார்.