முதலில் தெரு, பிறகு வீடு

1982-ல் கொடுங்கையூரில் எங்களுக்கு ஒதுக்கிய மனையைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையகல இடம். மூலையில் ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டைக் காணோம்!

"என்னங்க, கக்கூஸ் மட்டும் கட்டிக் கொடுத்திருக்காங்க. எங்கே படுக்கிறது?" என்றேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் சிரித்தார். "ராயபுரத்துல எட்டுக் குடித்தனத்துக்கு ஒண்ணுன்னு வரிசையில நிக்கறியே, அதுக்கு இது தேவலை. வீட்டை நாம கட்டிக்கலாம்."

மாமியாரோ, "பேசாம திருப்பிக் கொடுத்துடுடா" என்றார்.

உலக வங்கிக் கடனுதவியோடு 1977-ல் தொடங்கிய திட்டம் அது. அப்போது சென்னையின் ஓரமாக இருந்த அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களிலும் முதலில் தெரு, வடிகால், குடிநீர் என்று போட்டு, பிறகு மனைகளாகப் பிரித்தார்கள். பள்ளிக்கூடம், கடை, சிறுதொழிலுக்கும் இடம் விட்டார்கள். ஏழைகளுக்குச் சின்ன மனை, வசதியுள்ளவர்களுக்குப் பெரிய மனை. பெரிய மனைகளை விற்ற பணம் சின்ன மனைகளின் விலையைக் குறைக்க உதவியது.

நாங்கள் ஓலைக் கூரையில்தான் குடி புகுந்தோம். சீட்டுப் பணத்தில் சுவர் எழும்பியது. போனஸில் தளம் போட்டோம். முழு வீடாக ஒன்பது வருஷம் ஆயிற்று. ஆனால் ராயபுரத்தில் அடிக்கடி வயிற்றுப்போக்கில் துவண்டு, ஒரு முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்த என் மூத்தவன், இங்கே வந்த முதல் வருஷமே தேறிவிட்டான். சொந்தக் கழிப்பறை, சுத்தமான குழாய்த் தண்ணீர், வாசலில் தேங்காத சாக்கடை. நான் பார்த்து அழுத அந்த மூலைதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

ஆரம்பத்தில் பலர் குடிவரத் தயங்கியதால், திட்டம் தோற்றுவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் உலக வங்கி ஆய்வாளர்கள் திரும்ப வந்து பார்த்து, 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழையும் வசதியுள்ளவரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக இவை வளர்ந்திருப்பதாக எழுதினார்கள்.

போன மாதம் என் மகள், மீஞ்சூர் பக்கம் வரப்போகும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்ணப் படத்தை நீட்டினாள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கடைவீதி எல்லாம் படத்தில் ஜொலித்தன.

"எல்லாம் சரிம்மா, மழைத் தண்ணி எங்கே போகும்? கக்கூஸ் தண்ணி எங்கே போகும்? குடிதண்ணி குழாயிலயா, லாரியிலயா? குழந்தை நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் உண்டா?" என்று கேட்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கத்து வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததை நாம் மறக்க முடியுமா?

சகோதரிகளே, வீட்டை நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளலாம். தெருவையும் வடிகாலையும் அப்படிக் கட்டிக்கொள்ள முடியாது. முன்பணம் கட்டுமுன் ஒரு மழை நாளில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

என் மகளும் போனாள். செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தாள். இன்னும் முன்பணம் கட்டவில்லை.